பட்ஜெட்டில் உள்ள பூஜ்யங்கள்

அன்புள்ள மகளுக்கு,

இரு பெண்களின் காதலைப் பற்றி, மக்களிடம் நிதி திரட்டி நீ எடுக்கவிருக்கும் குறும்படத்தின் பட்ஜெட்டை வரி வரியாகப் படித்தேன். கேமரா வாடகை, லென்ஸ், விளக்குகள், ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் முழுத் தொகை எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே ஒப்பனை, உடை, காட்சித் தொடர்ச்சியைக் கவனிப்பது, படக்குழுவுக்குச் சமைப்பது ஆகிய நான்கு வரிகளிலும் ‘தோழிகள்’ என்று எழுதி, எதிரே பூஜ்யம் போட்டிருக்கிறாய். பெண்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் வராமல் போவதையும் சொல்லும் உன் படத்தை, அதே போன்ற கணக்கில் வராத உழைப்பைக் கொண்டு எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் அன்பினால் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று தெரியும். கேமரா வாடகைக்குக் கொடுப்பவரிடம் அந்த அன்பை நீ கேட்கவில்லையே.

இலக்குத் தொகை கூடினால் நிதி திரளாது என்ற உன் பயம் நியாயமானதுதான். மக்களிடம் நிதி திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் இலக்கைத் தொடாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது. தொட்டாலும் தளத்துக்கு 5 சதவீதமும், அது போகப் பணப்பரிமாற்றக் கட்டணமும் கழியும். ஆகவே திரைக்கதையிலேயே கை வை. இரவில் வெளிப்புறத்தில் நடக்கும் காட்சிகளை வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஜெனரேட்டரும் பெரிய விளக்குகளும் மிச்சமாகும். அந்தத் தொகை நால்வருக்கும் சம்பளமாகட்டும். படப்பிடிப்போடு பணம் தீர்ந்துவிடும்படியும் திட்டமிடாதே. ஒலிக்கலவை, வண்ணச் சீரமைப்பு, சப்டைட்டில் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். தன்பாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரைப் பற்றிய படங்களுக்கென்றே சான் பிரான்சிஸ்கோவில் ஃபிரேம்லைன் விழா 1977இலேயே தொடங்கிவிட்டது, பெர்லின் திரைப்பட விழாவில் டெடி விருது 1987 முதல் இருக்கிறது என்பதால், இப்படிப்பட்ட படங்களுக்குப் போக இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பல விழாக்களுக்குப் படத்தை அனுப்பவே கட்டணம் கட்ட வேண்டும் என்பதால், அதற்கும் ஒரு வரி ஒதுக்கு.

தன்பாலீர்ப்பாளர், திருநர் எல்லோரையும் குறிக்கும் ‘குயர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘இரு பெண்களின் நட்பைப் பற்றிய படம்’ என்று அறிமுகத்தில் எழுதினால் நிறையப் பேர் கொடுப்பார்கள் என்று ஒருவர் உனக்கு யோசனை சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 1976இல் பால் கூட்டுறவு இயக்கத்தைப் பற்றிய ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். தங்கள் கதை என்று தெரிந்துதான் அந்தப் பணம் வந்தது. உன் படத்துக்காகக் காத்திருப்பவர்கள் அந்தச் சொல்லைத் தேடித்தான் வருவார்கள். அதை மறைத்துவிட்டு வாங்கும் பணத்தைக் கொடுத்தவர், படம் வந்த பிறகு ஏமாற்றிவிட்டாய் என்று சொன்னால், உன்னிடம் பதில் இருக்காது.

படத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசு. ஆட்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். தானும் குயர் என்பதை வீட்டில் இன்னும் சொல்லாத ஒருவர் உன் படத்துக்குப் பணம் கொடுத்து, நன்றிப் பட்டியலில் வந்த பெயரால் அகப்பட்டுக்கொண்டால், அந்தத் தீங்கை நம்மால் ஈடுசெய்ய முடியாது. பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு வழி செய். வேண்டும் என்பவர்களிடமும் எந்தப் பெயரைப் போட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. நிதி கேட்கும் வீடியோவில் முகம் காட்டும் நடிகைகளிடமும், அது படத்தை விட அதிகமாகப் பரவக்கூடும் என்பதைச் சொல்லிவிட்டுப் பிறகு சம்மதம் கேள்.

திருத்திய பட்ஜெட்டை அனுப்பு. தொடக்கத்தில் வரும் பணத்தைப் பார்த்துத்தான் பிறர் துணிவார்கள் என்பதால், என் பங்கை முதல் நாளே செலுத்திவிடுகிறேன். பட்டியலில் என் முழுப் பெயரையும் போடு. உன் அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் நீ எழுத வேண்டாம்; படம் எதைப் பற்றியது என்பதை நானே அவர்களிடம் நேரில் சொல்லிக் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா