குழாயை எடுக்க வேண்டிய நாளைத் தமிழில் எழுதித் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் நோயாளிக்குத் தன் உடலுக்குள் ஒரு குழாய் வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், குறித்த நாளுக்குள் அதை எடுத்தாக வேண்டும் என்பதும் அவருக்குப் புரிகிற சொற்களில் சொல்லப்பட வேண்டும். அப்படிச் சொல்லப்படாததால் இடது சிறுநீரகத்தின் செயல்பாட்டில் பெரும்பகுதியை இழந்தவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் வயது 46. தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் 17 ஆண்டுகளாக விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கடையில் பெண்களுக்கென்று தனிக் கழிப்பறை இல்லை. காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு ஒன்பது மணி வரை முடிந்தவரை தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நானும் உடன் வேலை செய்யும் பெண்களும் பழக்கமாகவே ஆக்கிக்கொண்டோம். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு எங்களுக்கு உட்கார முக்காலி கிடைத்தது. அதற்கு நன்றியுடையவர்களாக இருக்கிறோம். ஆனால், தண்ணீர் குறையக் குறையச் சிறுநீர் அடர்த்தியாகி, அதில் கரைந்துள்ள கால்சியம், ஆக்சலேட் போன்றவை படிகமாகி, படிகம் கல்லாகிறது என்பதைக் கல் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் பகுதியின் உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எந்தத் தண்ணீர் என்பதைவிட, நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் கழிகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்கிறேனா என்பதுதான் முக்கியம் என்று பின்னர் மருத்துவர் விளக்கினார்.

2023 மே மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை வலி வந்தது. இடது விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் பிடித்து, முன்புறமாக அடிவயிறு வரை இறங்கியது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் நின்றாலும் அது அடங்கவில்லை. தெருமுனை கிளினிக்கில் வலி ஊசி போட்டுக்கொண்டேன். வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபீளையைக் கஷாயம் வைத்து என் மாமியார் கொடுத்தார். மறுநாள் வலி குறைந்ததால் கல் இறங்கிவிட்டதென்று எல்லோரும் நம்பினோம். மூன்றாம் நாள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் அளவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. இதைப் படிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டுகிறேன். கல்வலியோடு குளிர் காய்ச்சல் சேர்ந்தால், அடைப்புக்கு மேலே தேங்கிய சிறுநீரில் சீழ் பிடித்திருக்கக்கூடும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது எந்தக் கஷாயத்துக்கும் காத்திருக்காமல் அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நான் சேர்க்கப்பட்ட மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது 9 மில்லிமீட்டர் கல் ஒன்று சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் மேற்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாயின் உள்வழியே மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும். என்னுடையது அந்த ரகமல்ல. கிருமித் தொற்று இருக்கும்போது கல்லில் கை வைக்கக் கூடாது என்பதால், முதலில் அடைப்பைத் தாண்டி ஒரு மெல்லிய குழாயைச் செருகித் தேங்கியதை வடித்தார்கள். நான்கு வாரம் கழித்து லேசர் கொண்டு கல்லை உடைத்தார்கள். உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். அதை நான் மறக்கவில்லை. கல்லை உடைத்த பிறகு, துகள்கள் தடையின்றி இறங்கவும் வீக்கம் வடியவும் புதிதாக ஒரு குழாயை உள்ளே வைத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் கெட்டுப்போனது இந்த இடத்தில்தான். டிஸ்சார்ஜ் சம்மரி நான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் 'டி.ஜே. ஸ்டென்ட் இன் சிட்டு' என்று ஒரு வரி; வைத்த குழாய் உள்ளேயே இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். கடைசிப் பக்கத்தில் மூன்று வாரம் கழித்து 'ரிவியூ' வரவேண்டும் என்று இன்னொரு வரி. எதற்காக வரவேண்டும் என்று எழுதவில்லை. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் வாசித்துப் பார்த்து, "ஸ்டென்ட் வச்சிருக்காங்கம்மா" என்றான். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு மாரடைப்பு வந்தபோது வைத்ததும் ஸ்டென்ட்தான்; அது ஆயுளுக்கும் உள்ளேயே இருப்பது. இதுவும் அப்படித்தான் என்று குடும்பமே நினைத்துக்கொண்டது. ஒரே பெயருடைய இரண்டு பொருள்களில் ஒன்று நிரந்தரமாக இருக்க வேண்டியது, மற்றொன்று சில வாரங்களில், மிஞ்சிப்போனால் மூன்று மாதங்களுக்குள் எடுக்கப்பட வேண்டியது என்பது சாதாரண மனிதருக்கு எப்படித் தெரியும்? மூன்று வாரம் முடிந்த சமயத்தில் கடையில் ஆடித் தள்ளுபடி விற்பனை. வலி இல்லை, விடுப்பும் கிடைக்காது. நான் போகவில்லை. அது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், குழாயை எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்திருந்தால் சம்பளத்தை விட்டுவிட்டாவது போயிருப்பேன். மருத்துவமனையிலிருந்தும் ஒருமுறைகூட யாரும் அழைத்துக் கேட்கவில்லை.

அடுத்த 14 மாதங்களில் அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றியது. கழிக்கும்போது இடது முதுகில் இழுத்துப் பிடித்தது. படியேறினால் சில நாள் சிறுநீர் சிவந்து போனது. மாதவிடாய் நிற்கும் வயது, அதனால்தான் என்று நினைத்து இருந்துவிட்டேன். 2024 ஆகஸ்டில் மீண்டும் அதே குளிர் காய்ச்சல் வந்தபோது வேறொரு மருத்துவமனையில் சாதாரண எக்ஸ்ரேதான் எடுத்தார்கள். அதிலேயே குழாய் வெள்ளையாகத் தெரிந்தது. முழங்கால் வலிக்கோ இருமலுக்கோ எடுக்கும் அதே வகை எக்ஸ்ரே, சில நூறு ரூபாய் செலவு.

உரிய காலத்தில் வந்திருந்தால், மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவி, சிறுநீர்த் துவாரம் வழியாகச் சில நிமிடங்களில் குழாயை உருவியிருப்பார்கள். அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். நாளாகி, குழாயின் மேலேயே கல் படிந்துவிட்டதால் எனக்கு இரண்டு அறுவைச் சிகிச்சைகள் தேவைப்பட்டன. சிறுநீர்ப்பையில் இருந்த முனையின் மேல் படிந்த கல்லை ஒருநாள் லேசரால் உடைத்தார்கள். சிறுநீரகத்துக்குள் இருந்த முனைக்காக மற்றொரு நாள் முதுகில் துளையிட்டார்கள். எடுத்த குழாயை ஒரு சிறு டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். ஒரு சாண் நீளம், இரு முனையும் பன்றிக்குட்டியின் வால்போலச் சுருண்டவை. நீல நிறக் குழாயாம். நீலம் தெரியவே இல்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பக்கெட்டின் உட்புறம் படிகிற காறைபோல, மஞ்சள் கலந்த வெள்ளையில், தொட்டால் உதிரும்படி மொத்தமாக மூடியிருந்தது. இத்தனைக்கும் இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் அளவு சரியாகவே இருந்தது. ஒரு சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் அது ஏறுவதில்லையாம். தனி ஸ்கேன் எடுத்த பிறகுதான், இரண்டும் சேர்ந்து செய்யும் வேலையில் இடதின் பங்கு 18 சதவீதம் என்று தெரிந்தது.

நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். குழாய் வைக்கப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், தமிழில் ஓர் அட்டை தரப்பட வேண்டும். 'உங்கள் சிறுநீரகக் குழாயில் தற்காலிகக் குழாய் உள்ளது. இந்தத் தேதிக்குள் எடுக்காவிட்டால் சிறுநீரகம் பாழாகும்' என்ற இரண்டு வரியும் தேதியும் போதும். குழந்தை பிறந்தால் அடுத்த தடுப்பூசித் தேதியை அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம். தவறினால் சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து கேட்கிறார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தத் தன்னார்வலர்களின் கையில் குழாய் வைக்கப்பட்டவர்களின் பட்டியலையும் கொடுத்தால் என்ன? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லை உடைக்க அனுமதி கேட்டு வரும் மருத்துவமனைகளிடம், குழாயை எடுத்த தேதியையும் அரசு கேட்டு வாங்க வேண்டும். மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகள் தங்கள் நாளிதழ் வழியாக இதைக் கவனிப்பார்கள் என்று நம்புகிறேன்.

சென்ற மாதம் எங்கள் கடையில் சேலைப் பிரிவில் இருக்கும் தங்கை ஒருத்தி கல்லுக்குச் சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பினாள். அவளுடைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுவரச் சொல்லி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். இரண்டாம் பக்கத்தில் அதே வரி இருந்தது. அவளுக்கும் அது என்னவென்று தெரிந்திருக்கவில்லை. கடை நாட்காட்டியில் நாட்களை எண்ணி, அடுத்த செவ்வாய்க்கிழமை நானே உடன் அழைத்துப் போனேன். உள்ளே போனவள் பத்து நிமிடத்தில் நடந்து வெளியே வந்தாள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.