டி4 டோசருக்கு டி5 செயின் மாட்டியதும், நழுவும் இடது ஸ்டீரிங் கிளட்ச்சும் – ஐந்தாவது புகார்

பெறுநர்: சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா, வணக்கம்.

இதற்கு முன் அனுப்பிய நான்கு கடிதங்களுக்கும் "உங்கள் புகார் பதிவாகியுள்ளது" என்ற குறுஞ்செய்தி மட்டும்தான் பதிலாக வந்தது. பில், வேலைச் சீட்டு, அளவெடுத்த படங்கள் எல்லாம் உங்களிடம் இருப்பவைதான். மறுபடியும் இணைத்திருக்கிறேன்.

ஆர்டர் கொடுத்தது மண் தள்ளும் பழைய டி4 டோசருக்கு, வண்டி ஓடும் இரும்புச் செயின், பிட்ச் (பின்னுக்குப் பின் இடைவெளி) 171 மி.மீ., சரியாகச் சொன்னால் 171.45, இரண்டு பக்கத்துக்கும். உங்கள் ஆட்கள் மாட்டிவிட்டுப் போனது 175 பிட்ச் (சரியாக 175.5), அதாவது டி5 செயின். செயினை இறுக்கி நிறுத்தி, செயினைப் பிரிக்கிற மாஸ்டர் பின்னைத் தவிர்த்துவிட்டு, கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் ஓரத்திலிருந்து ஐந்தாவது பின்னின் அதே ஓரம்வரை டேப் வையுங்கள். நான்கு கண்ணிக்கு 686 மி.மீ. வர வேண்டும், 702 வருகிறது. ஒரு பக்கத்துச் செயின் முழுவதற்கும் பார்த்தால் ஏறக்குறைய முக்கால் கண்ணி நீளம் கூடுதல். அதை மறைக்க ஐட்லரை (முன் சக்கரத்தை) கடைசிவரை முன்னால் தள்ளி இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பின்னைச் சுற்றியுள்ள புஷ், செயினை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் பற்சக்கரத்தின் பல்லடியில் உட்காராமல் பல்லின் முதுகில் ஏறி ஏறி விழுகிறது. செயினோடு சேர்த்து உங்களிடமே வாங்கிய புது ஸ்ப்ராக்கெட்டில் 22 மணி நேர ஓட்டத்திலேயே பல் முகம் உரிந்துவிட்டது.

இதைச் சொன்னதற்கு வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் கொடுத்த பதில்: "செயின் தேஞ்சா நீளத்தான் செய்யும் சார், இதுகூடத் தெரியாம வண்டி வெச்சிருக்கீங்களா?" பின்னும் புஷ்ஷும் உள்ளே தேய்ந்தால் பிட்ச் நீளும், தெரியும் ஐயா. அதற்குத்தான் பின்-புஷ்ஷைப் பிரஸ்ஸில் கழற்றி அரைச்சுற்று திருப்பி மாட்டுகிறோம். ஆனால் 22 மணி நேரத்தில் நான்கு கண்ணிக்கு 16 மி.மீ. தேய்ந்தது என்றால், நீங்கள் விற்றது இரும்புதானா என்று நான் கேட்க வேண்டியிருக்கும். தப்பான செயினா, மட்டமான செயினா, இரண்டில் ஒன்றை உங்கள் கம்பெனியே எழுத்தில் சொல்லட்டும்.

வண்டியின் எடையைச் செயின்மேல் தாங்கும் அடி ரோலரிலும் இதே கதைதான். பக்கத்துக்கு ஐந்து வீதம் பத்து ரோலர்: ஆறு ஒற்றை விளிம்பு, நான்கு இரட்டை விளிம்பு என்று ஆர்டரில் தெளிவாக எழுதியிருந்தேன். பத்தும் இரட்டை விளிம்பாக வந்தது. ஸ்ப்ராக்கெட்டை ஒட்டியும் ஐட்லரை ஒட்டியும் ஒற்றை விளிம்புதான் வர வேண்டும் என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

இனி ஸ்டீரிங். ஒவ்வொரு பக்கச் செயினுக்கும் இன்ஜின் இழுவையைக் கொடுப்பதும் துண்டிப்பதும் அந்தப் பக்கத்து ஸ்டீரிங் கிளட்ச்தான். பிளேடில் மண் பிடித்ததும் வண்டி தானாக இடப்பக்கம் இழுக்கிறது. இடது கிளட்ச் நழுவுகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கிளட்ச் அறையின் அடிப் பிளக்கைத் திறந்தால் அரை லிட்டருக்குமேல் கியர் ஆயில் கொட்டியது. உலர் கிளட்ச் ஐயா அது, ஒரு சொட்டு எண்ணெய்கூட அங்கே இருக்கக்கூடாது. ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும் கடைசிக் கியர் பெட்டியான இடது ஃபைனல் டிரைவில் ஆயில் மட்டம் இறங்கியிருக்கிறது, கியர்பாக்ஸில் இறங்கவில்லை. ஆகவே கசிவது ஃபைனல் டிரைவின் பினியன் (சிறு பல்சக்கரம்) பக்கத்து சீல். சீலை மாற்றாமல் லைனிங் மட்டும் புதிதாக ஒட்டி உள்ளே வைத்தால் மூன்று நாள்கூடத் தாங்காது, தாங்கவும் இல்லை. பில்லில் "ஆயில் சீல் – 2" என்று பணம் வாங்கியிருக்கிறீர்கள். அந்த இரண்டும் எங்கே?

இதற்கும் அதே ஆள், "டிரைவருக்கு ஓட்டத் தெரியல" என்றார். இறக்கத்தில் வண்டி தள்ளிக்கொண்டு போகும்போது, பிரேக் மிதிக்காமல் இடது லீவரை மட்டும் இழுத்தால் வலப்பக்கம் திரும்பும் என்று தெரிந்து ஓட்டுகிறவர் எங்கள் டிரைவர். சமதளத்தில் ஏன் இழுக்கிறது என்பதற்கு உங்கள் ஆளிடம் பதில் இல்லை. அடுத்து "செயினை இன்னும் டைட் பண்ணுங்க" என்று ஒரு யோசனை. ஏற்கெனவே செயினை மேலே தாங்கும் கேரியர் ரோலருக்கும் ஐட்லருக்கும் நடுவே ஒரு விரல் தொய்வுகூட இல்லை. இன்னும் இறுக்கினால் பின், புஷ், ஐட்லர் பேரிங் எல்லாம் சேர்ந்து போகும். அதற்கும் பில் போடலாம் என்ற எண்ணமோ என்னவோ.

செயினை எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கிறோம் என்று நீங்கள் சொன்னதை நம்பி, கிரேன் பிடித்து லாரியில் ஏற்றி 110 கிலோமீட்டர் வந்தேன். காவலாளி வாசலிலேயே நிறுத்தி, "பிரஸ் ஆபரேட்டர் லீவு, நாளைக்கு வாங்க" என்றார். நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் கொதிக்கிறது. லாரி வாடகை, கிரேன் வாடகை, டிரைவர் பேட்டா மூன்றும் தண்டம்.

இன்னொன்று. வந்த மெக்கானிக், ஐட்லருக்குப் பின்னால் அதிர்ச்சி தாங்கும் ரீகாயில் ஸ்பிரிங்கின் கட்டைக் கேஸ் கட்டர் வைத்து அறுக்கப் போனார். பல டன் அழுத்தத்தில் அடைபட்ட ஸ்பிரிங் அது. எங்கள் ஆள் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்தக் கடிதம் காவல் நிலையத்துக்குப் போயிருக்கும்.

சித்திரை, வைகாசிதான் நிலம் சமன் செய்கிற காலம். அது முழுக்கப் போயிற்று. பில் தொகை 4,12,000 ரூபாய். இழந்த வாடகையைச் சேர்த்தால் பத்து லட்சத்துக்குக் குறையாது. ஒரு குடும்பமே நடுத்தெருவில் நிற்கிறது.

தயவுசெய்து 15 நாளுக்குள் 171 பிட்ச் செயின் இரண்டு, ஸ்ப்ராக்கெட் இரண்டு, ஒற்றை விளிம்பு ரோலர் ஆறு அனுப்பி, பினியன் சீல் மாற்றி, கிளட்ச் தட்டுகளுக்குப் புது லைனிங் போட்டுத் தாருங்கள். போக்குவரத்துச் செலவு உங்களுடையது. நல்லபடியாக முடித்தால் வலது பக்கக் கிளட்ச் வேலையையும் உங்களிடமே தருவதில் எனக்குத் தடையில்லை.

இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். "வணிக உபயோகம், அங்கே செல்லாது" என்று உங்கள் ஆள் மிரட்டியதும் நினைவிருக்கிறது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம், பதில் எழுத்தில் வேண்டும். அந்த ஆளை மட்டும் இனி என்னிடம் பேசவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பில்லில் உள்ள வாடிக்கையாளர்