மாடியில் ஒரு அறைக்கு பிளான் போட இவ்வளவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிமெண்ட் விலை, கம்பி விலை பற்றியெல்லாம் அடிக்கடி செய்தி வருகிறது, ஆனால் அதற்கெல்லாம் முன்னால் எடுத்து வைக்க வேண்டிய பிளான் காசைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டு மாடியில் 12க்கு 14 அடியில் ஒரே ஒரு அறை, மொத்தமே 168 சதுர அடி. பிளான், அப்ரூவல் எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் என்றார் இன்ஜினியர். அதில் அரசுக்குக் கட்டுவது எவ்வளவு, வரைவதற்கு எவ்வளவு, கையெழுத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், "எல்லாம் சேர்த்துத்தான் சார்". ரசீதும் கிடையாது.

வரைகிறவருக்குக் காசு தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய வீட்டின் மேல் கட்டுவது சாதாரண வேலையா? கீழ்த்தளம் பில்லரில் நிற்கிறதா, சுவரிலேயே நிற்கிறதா, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், பின்னால் மாடி எடுக்கலாம் என்று மொட்டை மாடியில் விட்டுவைத்த கம்பி வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்து எவ்வளவு மெலிந்திருக்கிறது, இதையெல்லாம் பார்த்து, தேவைப்பட்டால் ஓரிடத்தில் தோண்டியும் பார்த்து, தாங்குமா தாங்காதா என்று சொல்வதற்குத்தான் அவர் படித்திருக்கிறார். அதைச் செய்தால் 35,000 ரூபாயை மனசாரக் கொடுக்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் மொட்டை மாடிக்கே ஏறவில்லை. கீழே வெளிச்சுவரை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார், வந்த பிளானில் மேற்கே இருக்கிற படிக்கட்டு கிழக்கே இருந்தது.

2024 ஜூலையில் தமிழக அரசு, விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே உறுதி கொடுக்கும் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. நல்ல திட்டம்தான். ஆனால் அனுமதி வேகமாகக் கிடைக்கக் கிடைக்க, அதற்கு முன்னால் போடுகிற வரைபடம் உண்மையாக இருக்க வேண்டியது இன்னும் முக்கியமாகிறது, அந்த வரைபடத்துக்கு யார் என்ன வாங்குகிறார்கள் என்பதோ அவரவர் இஷ்டம். இந்தக் காசுக்குப் பயந்தே எங்கள் தெருவில் பாதிப் பேர் மேஸ்திரி சாக்பீஸில் தரையில் போடுகிற கோட்டை வைத்துக் கட்டிவிடுகிறார்கள், அப்புறம் பேங்க் லோன் கேட்டுப் போனால் அப்ரூவல் பிளான் எங்கே என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

இன்ஜினியர்களைப் பதிவு செய்கிற அதிகாரிகள் இரண்டு காரியம் செய்யலாம். அரசுக் கட்டணம் தனி, வரைபடக் கூலி தனி, கட்டடத்தின் தாங்குதிறனைச் சோதிக்கும் செலவு தனி என்று எழுத்தில் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கூடுதலாகக் கட்டுவதற்கான பிளான் என்றால், பழைய கட்டடத்தை நேரில் பார்த்ததற்கான போட்டோக்களும் சேர்த்துத்தான் அதை வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை