பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவருக்கு யார் வழிகாட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் செப்டம்பர் 29, உலக இதய நாளையொட்டி, மாரடைப்பின் அறிகுறிகள் எவை, எவ்வளவு விரைவாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்றெல்லாம் நாளிதழ்கள் விரிவாக எழுதுகின்றன. அவை தேவையானவையே. ஆனால் மாரடைப்பிலிருந்து பிழைத்தவரும், அடைபட்ட இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் பொருத்தப்பட்டவரும், பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும் வீட்டுக்கு வந்த பிறகு எப்படி வாழ வேண்டும் என்பதைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் குறையைத் தங்கள் வாயிலாக அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இதய சிகிச்சையில் தமிழகம் செய்திருப்பது சிறிதன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தால், ஒரு காலத்தில் நிலத்தை விற்றுச் செய்ய வேண்டியிருந்த பைபாஸ் இன்று கூலித் தொழிலாளிக்கும் கிடைக்கிறது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. உயிரைக் காப்பதில் இவ்வளவு அக்கறை காட்டும் நாம், காத்த உயிர் பழைய வலுவோடு நடமாடுவதற்கு அதே அக்கறையைக் காட்டுவதில்லை.

என் அண்ணன் ஒரு விவசாயி. அவருக்கு பைபாஸ் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது, டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளின் பட்டியலும், ஓய்வெடுக்க வேண்டும், பாரம் தூக்கக் கூடாது என்ற இரு வரிகளுமே இருந்தன. எவ்வளவு நாள் ஓய்வு, எத்தனை கிலோ பாரம் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தவர்கள் அன்பினால் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. மூச்சுப்பயிற்சிக்காக மருத்துவமனையில் கொடுத்த மூன்று பந்துக் கருவி பேரனின் விளையாட்டுச் சாமானாயிற்று. பைபாஸுக்காக இரத்தக்குழாய் எடுத்த காலில் வீக்கம் கண்டதும், இருமும்போது நெஞ்சுத் தையல் இழுத்ததும், மறுபடியும் மாரடைப்புதான் வரப்போகிறது என்று அவர் இரவெல்லாம் விழித்திருந்தார். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும், உட்காரும்போது காலைச் சற்று உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும் என்பதை, தற்செயலாக அறிமுகமான ஓர் இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். வீட்டுத் தாழ்வாரத்தில் ஐந்து நிமிட நடையில் தொடங்கி, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தைத் தாண்டாமல், நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகும் முறையை அவரே கற்றுக்கொடுத்தார். இன்று அண்ணன் வயலுக்குப் போகிறார். அந்த மருத்துவரைச் சந்திக்க நேராத குடும்பங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1952இல் அமெரிக்க மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும், நோயாளியைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைப்பதே நல்லது என்று எழுதியதிலிருந்து அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, 85 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வெளியிட்ட மதிப்பாய்வு, உடற்பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட இதய மறுவாழ்வுப் பயிற்சியால் இதய நோய் மரணமும் மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையும் குறைவதாகக் கூறுகிறது. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட யோகா-கேர் ஆய்வில், மரணமோ மறு மாரடைப்போ குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், யோகப் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் பழைய வேலைகளுக்குக் கூடுதலாகத் திரும்பினார்கள். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமலும் செய்யக்கூடியது இது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மறுவாழ்வு என்பது நடைப்பயிற்சி மட்டுமன்று. ஸ்டென்ட் வைத்தவர்களில் பலர், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்றோ, பல் பிடுங்க வேண்டியிருக்கிறது என்றோ இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல் மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை அவர்களுக்கு அழுத்தமாகச் சொல்ல ஆளில்லை. கணவன் மனைவி உறவைப் பற்றிக் கேட்க இரு தரப்புக்கும் கூச்சம். இரண்டு மாடிப் படிகளை மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இன்றி ஏற முடிந்தால் பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை என்ற ஒரே வாக்கியம் எத்தனையோ வீடுகளின் மௌனப் பயத்தைப் போக்கியிருக்கும். மனச்சோர்வையும் யாரும் நோயாக எண்ணுவதில்லை. முன்பு போல் பேசுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார் என்று குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பெண்களின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. அறுவை சிகிச்சைக்காகப் பிளந்த மார்பெலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள்ளாகவே ஒரு நிறைகுடத்தை இடுப்பில் ஏற்ற வேண்டிய கட்டாயம் அவர்களில் பலருக்கு வந்துவிடுகிறது. நடைப்பயிற்சிக்கு வெளியே போனால், அடுப்படியை யார் பார்ப்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இதற்காகப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறார்கள். இதய நோயாளிகளைக் கவனிப்பதற்கான தனிப் பயிற்சியை அவர்களுக்கு அளித்து, காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டியோ (இதய இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சை) பைபாஸோ செய்துகொண்ட ஒவ்வொருவரின் விவரமும் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தானாகவே போய்ச் சேரும்படி செய்யலாம். முதல் மூன்று மாதங்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சியைச் சிகிச்சைத் தொகையிலேயே கட்டாயப் பகுதியாகச் சேர்க்க வேண்டும். எந்த வாரம் எவ்வளவு தூரம் நடக்கலாம், எப்போது இரு சக்கர வாகனம் ஓட்டலாம், எப்போது மண்வெட்டி பிடிக்கலாம், எந்த அறிகுறி வந்தால் உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பவற்றை, நோயாளிக்குப் புரியும் தமிழில் அச்சிட்ட ஒரு தாளாக டிஸ்சார்ஜ் சம்மரியோடு இணைத்துத் தர எல்லா மருத்துவமனைகளுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறை உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள வாசகர்,
துறையூர், திருச்சி மாவட்டம்.