ப்ஸிலோரிட்டிஸ் ஏறப்போகும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் ப்ஸிலோரிட்டிஸ் மலை ஏறப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாக ஏறு. பழைய நூல்கள் இடா மலை என்று சொல்வதும் இதைத்தான். 2,456 மீட்டர், தீவிலேயே உயரம். மேற்கே வெள்ளை மலைகளில் உள்ள பாக்னெஸ் சிகரம் இதைவிட இரண்டு மூன்று மீட்டர்தான் குறைவு. (அந்தப் பக்கத்துக்காரர்கள் உச்சியில் கல்லைக் குவித்து இதைத் தாண்டப் பார்க்கிறார்கள் என்று கேலிப் பேச்சு உண்டு.) ஆனால் இந்த மலையில் ஆளைச் சோதிப்பது உயரமல்ல, தண்ணீர்.

மலை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, கல்லின் வெடிப்புகளை அரித்து உள்ளே இறங்கிவிடும். அதனால் கோடையில் மேலே ஓடையைத் தேடாதே. நீ நடக்கத் தொடங்கும் நீடா சமவெளியையே பார். சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் நாலாபுறமும் மலை அடைத்த இடம், தண்ணீர் வெளியேற வாய்க்கால் கிடையாது. ஓரத்தில் இருக்கும் உறிஞ்சுகுழி வழியாக எல்லாம் பூமிக்குள் போய்விடும். போன தண்ணீர் அடிவாரத்தில்தான் தலைகாட்டும். தெற்கே ஸாரோஸில் அது நல்ல ஊற்று. வடக்கே ஹெராக்லியன் பக்கத்தில் அல்மிரோஸ் ஊற்று ஆறுபோலப் பொங்கினாலும் கோடையில் உப்புக் கரிக்கும். மலையிலிருந்து வரத்து குறைந்தால் அழுத்தம் குறைகிறது, நிலத்தடியில் கடல்நீர் புகுந்துவிடுகிறது. குளிர்கால மழையில் வரத்து பெருகும்போது அதே ஊற்று நன்னீராகும்.

ஆகவே ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் கட்டாயம். வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று எண்ணாதே. ஜூன் பாதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஏற ஏற்ற காலம். மே மாதத்தில் குழிகளில் பனி கிடக்கும், காலையில் அது கண்ணாடிபோல் இறுகியிருக்கும். அனோயா ஊரிலிருந்து நீடாவுக்குச் சுமார் 21 கிலோமீட்டர் சாலை. பெட்ரோலை ஊரிலேயே போட்டுக்கொள். விடியும்போது நடை தொடங்கிவிடு. ஏற நாலைந்து மணி நேரம், இறங்க மூன்றுக்கு மேல். மஞ்சள்-கறுப்பு அடையாளம் இட்ட ஈ4 என்ற ஐரோப்பிய நெடுநடைப் பாதைதான் உனக்கு. இந்த வட்டாரத்தில் பெயர்ப்பலகைகளைத் துப்பாக்கியால் சுட்டுப் பழகுவார்கள், ஓட்டைகளைப் பார்த்துப் பயப்படாதே. பாதை ஏறிக்கொண்டே போகாது, பள்ளங்களில் இறங்கி மறுபடி ஏறும். எல்லாப் பள்ளமும் ஒரே சாடையில் இருக்கும். வழி தவறுவது இங்கேதான், அதுவும் மேகம் இறங்கினால். அடுத்த அடையாளம் கண்ணில் படாவிட்டால் கடைசியாகப் பார்த்த அடையாளத்துக்குத் திரும்பு. குறுக்கே போகாதே. கல் கத்தி விளிம்பு, தடித்த அடி உள்ள பூட்ஸ் வேண்டும். உச்சியில் வட காற்று ஆளைத் தள்ளும், ஆகஸ்ட்டிலும் காற்றுத் தடுக்கும் சட்டை எடுத்துப் போ. ஆபத்தென்றால் 112.

உச்சியிலிருக்கும் திருச்சிலுவைக் கோயிலை நின்று கவனி. சாந்து இல்லை. பலகைபோல் பிளவுபடும் சுண்ணாம்புக்கல்லை வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் சற்று உள்ளே தள்ளி, மேலே மூடியிருப்பார்கள். இடையர்கள் பாலாடைக்கட்டி செய்யும் மிட்டாட்டோ குடிசைகளும் இதே முறைதான். கல்லின் வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழை உள்ளே கசியும். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாள், அன்று உச்சியில் பூசை உண்டு.

தண்ணீர் அரித்த குகைகளில்தான் மலையின் சரித்திரம். நீடாவுக்கு மேலே இடா குகை, கிரேக்கக் கடவுள் ஜீயஸ் குழந்தையாக ஒளித்து வளர்க்கப்பட்ட இடமாகச் சொல்லப்படுவது. அழுகுரல், பெற்ற பிள்ளைகளை விழுங்கும் தகப்பன் குரோனோஸ் காதில் விழாதிருக்கக் காவலர்கள் கேடயத்தைத் தட்டினார்களாம். 1885-ல் தோண்டியபோது வெண்கலக் கேடயங்களே கிடைத்தன, ஹெராக்லியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மலைக்கு முன் அங்கே போய்வந்தால் குகை வெறும் பொந்தாகத் தெரியாது. தெற்குச் சரிவில் காமரெஸ் குகை. கறுப்பு மேல் வெள்ளையும் சிவப்பும் தீட்டிய, கிரீட்டின் பழைய மினோவன் நாகரிக மட்பாண்டங்களுக்கு அதன் பெயர்தான்.

இரண்டாம் உலகப் போரில் தீவு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, 1944 ஏப்ரல் 26 அன்று பிரிட்டிஷ் அதிகாரிகளும் கிரீட் போராளிகளும் ஜெர்மன் தளபதி கிரைப்பேயைக் கடத்தி இந்த மலை வழியாகத்தான் தெற்குக் கரைக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 13-ல் அனோயாவை அழிக்க உத்தரவு வந்தது. கடத்தலுக்குப் பழிவாங்கல் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், அது பாதிதான். ஜெர்மன் காவல் நிலைய வீரர்களைக் கொன்றது, டமாஸ்டா ஊர்ப் பக்கம் நடந்த தாக்குதல், போராளிகளுக்கு இடம் தந்தது எல்லாம் உத்தரவிலேயே இருக்கிறது. ஊர்ச் சதுக்கத்தில் அதைப் பொறித்து வைத்திருக்கிறார்கள், போகிற வழியில் படித்துவிடு.

இறங்கும்போது சரளைக் கல்லில் முட்டிதான் முதலில் போகும். இரண்டு ஊன்றுகோல் எடுத்துக்கொள். ஆட்டு மந்தை தெரிந்தால் சுற்றிப் போ, காவல் நாய்கள் மந்தைக்குள் வருகிற ஆளை விடாது.

அன்புடன்,
அப்பா