அஞ்சாம் மாச ஸ்கேனுக்குப் போகுமுன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அஞ்சாம் மாச ஸ்கேனை 18 வாரம் முடிந்து 20 வாரம் நிறைவதற்குள் எடுத்துவிடு. ஆபீஸில் லீவு இல்லை என்று தள்ளிப்போடாதே. சீக்கிரம் போனால் குழந்தையின் இதயம் சின்னதாக இருக்கும், சரியாகப் பிடிபடாது. பிந்திப் போனால், ஏதாவது சந்தேகம் வரும்போது மறு ஸ்கேனுக்கும் பனிக்குட நீர்ப் பரிசோதனைக்கும் நாள் போதாது. கருக்கலைப்புச் சட்டத்தை 2021-ல் திருத்திய பிறகும், 24 வாரம் தாண்டினால் மருத்துவக் குழுதான் முடிவு சொல்லும். இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

டாக்டர் சீட்டு, பழைய ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் மூன்றையும் எடுத்துக்கொள். குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று ‘எஃப்’ படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணா பெண்ணா என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. வீட்டில் யார் ஆசைப்பட்டாலும் நீ கேட்காதே.

சாப்பிட்டுவிட்டே போ. லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்க வேண்டாம். மூத்திரப்பை அளவுக்கு மீறி நிறைந்தால், நஞ்சுக்கொடி (பிளாசென்டா) கீழே இறங்கியிருப்பதுபோலக் காட்டும்.

அரை மணி நேரமாவது ஆகும். தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் எல்லாம் சட்டென்று முடிந்துவிடும். மூளை, உதடு, முதுகுத்தண்டு, சிறுநீரகம் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். இதயத்துக்குத்தான் பொறுமை வேண்டும். நாலு அறைகளைப் பார்த்தால் மட்டும் போதாது. அங்கிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் குழாய்கள் இடம் மாறியிருந்தாலும் நாலு அறைகள் சரியாகவே தெரியலாம். குழந்தை முதுகை மேலே காட்டிப் படுத்திருந்தால் எலும்பின் நிழல் இதயத்தை மறைத்துவிடும். “கொஞ்சம் நடந்துட்டு வாங்க” என்பார்கள், சில சமயம் வேறு நாள் வரச் சொல்வார்கள். பயப்படாதே. ஆனால் இதயம் முழுதாகத் தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் இருந்தால் விட்டுவிடாதே, மறுபடி எடுத்தே ஆக வேண்டும்.

நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று எழுதியிருந்தால் 32 வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். கர்ப்பப்பை வளர வளர, பெரும்பாலும் அது மேலே போய்விடும். இதயத்தில் வெள்ளைப் புள்ளி, மூளையில் சின்ன நீர்க்கட்டி என்றெல்லாம் வார்த்தைகள் வரலாம். வேறு குறை இல்லாமல், முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தால், அநேகமாக அவை ஒன்றும் செய்யாது. ராத்திரி முழுக்க போனில் தேடாமல் டாக்டரிடமே கேள். எல்லாம் நார்மல் என்று வந்தாலும், இந்த ஸ்கேனை மட்டும் வைத்து டவுன் சிண்ட்ரோம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கர்ப்பப்பை வாயின் நீளத்தையும் அளக்கச் சொல். பிறப்புறுப்பின் உள்வழியாக அளந்தால்தான் துல்லியமாக இருக்கும். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. 25 மி.மீ.க்குக் குறைந்தால் குறைப்பிரசவ ஆபத்து உண்டு. அதைத் தடுக்க மருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் தையலும் போடுவார்கள். அப்படி வந்தால் ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வராதே, அன்றைக்கே நேராக உன் டாக்டரிடம் போ.

அன்புடன்,
அம்மா