பிள்ளை சொன்ன சொல்லிலேயே எழுது

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சரசு,

உனக்குப் பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் வேலை கிடைத்ததை அம்மா போனில் சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம். தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் ஒரே வளாகத்தில் இருக்கிற பள்ளி என்றார்கள். அங்கே உனக்கு ஒரு வேலை கூடுதல், அதையே முதலில் எழுதுகிறேன்.

தமிழ் பேசுகிற நம்ம பிள்ளை ‘அவசரம் டீச்சர்’ என்றால் உடனே கவனிக்க வேண்டும். மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு. ‘மயக்கமா வருது’ என்பதும் மலையாளக் காதுக்குத் தூக்கக் கலக்கமாகத்தான் படும். ஆகவே பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே தமிழில் எழுதிவை. திருத்தாதே. மலையாளத்தில் அறிக்கை கேட்டால் அது தனித் தாளில் இருக்கட்டும்.

பாலியல் தொந்தரவு என்றால் இந்தக் குறிப்புதான் பிள்ளைக்குத் துணை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்தால் போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. எழுதும் மொழி பிள்ளைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. விடாமல் கேட்டு வாங்கு. வாக்குமூலம் எடுக்க வருகிற போலீஸ் சீருடையில் இருக்கக்கூடாது. அதற்கு முன்னால் நீயோ மற்ற டீச்சர்களோ துருவிக் கேட்காதீர்கள். நாலு பேர் கேட்டால் பிள்ளை பயந்து சொன்னதையே மறுத்துவிடும்.

இதனால்தான் ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. ‘உன் உயிருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால், யாராவது உன்னைத் துன்புறுத்தினால், உதவிக்கு ஆள் கூப்பிடுவேன். மற்றது நமக்குள்’ என்று முதல் நாளே சொல்லிவிடு.

சாகணும்போல இருக்கு என்ற ஜாடை தெரிந்தால் நேராகவே கேள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுவார்கள், அப்படி வராது. ‘எப்படி என்று யோசித்தாயா?’ என்றும் கேட்க வேண்டும். தோட்டம் துரவு உள்ள வீட்டில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும்; அதைப் பூட்டிவைக்கப் பெற்றோரிடம் அன்றைக்கே சொல். அவர்கள் வந்து சேரும்வரை பிள்ளையைத் தனியே விடாதே.

அறையில் மேசையைக் குறுக்கே போடாதே, நாற்காலிகளைச் சாய்வாகப் போடு. கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் தெரியலாம், பேச்சு கேட்கக்கூடாது. தண்டனையாகப் பிள்ளைகளை உன்னிடம் அனுப்பினால் ஹெச்.எம்.மிடம் பேசி நிறுத்து; அந்தப் பேர் வந்துவிட்டால் அப்புறம் யாரும் தானாக வரமாட்டார்கள்.

குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இரண்டையும் இரண்டு மொழியிலும் எழுதிக் கதவில் ஒட்டு. ஓணப் பரீட்சை முடிந்ததும் கடிதம் போடு.

உன்,
செல்வி